எழுத்தில் ஊர்காவற்றுறை, நாவில் ஊராத்துறை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் ஊர்ப்பெயர்கள் பலகையில் ஒன்றாகவும் வாயில் இன்னொன்றாகவும் இருக்கின்றன. எதற்கு ஏற்ப எதைத் திருத்துவது?

காரைநகர்ப் பக்கத்து இறங்குதுறையில் ‘பாதை’ என்னும் மிதவை வந்து முட்டுகிறது. மோட்டார் சைக்கிள்கள் முதலில் இறங்க, பின்னால் சைக்கிளும் மீன்பெட்டியும் புத்தகப் பையுமாகச் சனம் இறங்குகிறது. எதிர்க்கரை கூப்பிடு தூரத்தைவிடச் சற்றுத் தள்ளித்தான் தெரிகிறது. இடையில், நீரிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது ஒரு கற்கோட்டை. அந்த எதிர்க்கரையைத் தமிழ்ப் பலகை ஊர்காவற்றுறை என்கிறது. ஆங்கிலப் பலகையில் இருப்பவை ஐந்து எழுத்துகள்: கே, ஏ, வை, ரி, எஸ். முதன்முறை பார்ப்பவர் அதைக் ‘கேய்ட்ஸ்’ என்று வாசிப்பார். இங்கே புழங்குவதோ ‘கைட்ஸ்’. நடுக்கடல் கோட்டையை ஒல்லாந்தர் ‘ஹம்மன்ஹீல்’ என்றார்கள், ஊரார் கடற்கோட்டை என்கிறார்கள். பாதைக்குக் காத்து நிற்கும் வயதானவர்களின் வாயில் அக்கரை இன்னும் ‘ஊராத்துறை’தான். ஒரு சிறு நீரிணையின் இரு கரைக்குள் இத்தனை பெயர்கள், எழுத்துக்கும் ஒலிக்கும் இத்தனை இடைவெளி.

எழுதப்பட்டதே சரியான பெயர், பேச்சில் வருவது அதன் தேய்ந்த வடிவம் என்று எண்ணுவது நம் பழக்கம். பள்ளிக்கூடம் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறது, அலுவலகங்களும் அப்படித்தான் நடக்கின்றன. யாழ்ப்பாணத் தீவுகளின் பெயர்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. இங்கே பல இடங்களில் ஊராரின் நாவில் இருப்பதே பழைய ஆவணம். எழுத்து பின்னால் வந்தது. வந்தவர்கள் வசதிக்கு ஏற்ப மாறியது. ஆகவே பலகையையும் பதிவேட்டையும் பேச்சுக்கு ஏற்பத் திருத்த வேண்டுமே தவிர, பேச்சைப் பலகைக்கு ஏற்பத் திருத்தக் கூடாது.

கல்லில் இருக்கும் ஒலி

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்ச் சாசனம் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்டது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் கட்டளை வெட்டியதற்குக் காரணம், அதை வாசிக்க வேண்டியவர்கள் இந்தக் கடலில் வந்துபோன வணிகர்கள். வெளிநாட்டு வணிகர் எந்தத் துறையில் வந்து இறங்க வேண்டும், கப்பல் உடைந்தால் சரக்கில் யாருக்கு எவ்வளவு என்பதே அதன் பொருள். ஆனையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலமானால் பாதிக்குப் பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதை விரிவாகப் பதிப்பித்தார். வணிகர் இறங்க வேண்டிய துறையாக அந்தக் கல் சொல்லும் பெயர் ஊராத்துறை.

தமிழகத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம், பராக்கிரமபாகு சோழ நாட்டின் மீது படையெடுக்கக் கப்பல் கட்டிய, படை திரட்டிய இடங்களை வரிசைப்படுத்துகிறது. மாதோட்டத்தோடும் வலிகாமத்தோடும் ஊராத்துறையும் அந்த வரிசையில் வருகிறது. ஒன்றோடு ஒன்று போரிட்ட இரண்டு அரசுகளின் கற்கள் ஒரே ஒலியைப் பதிந்திருக்கின்றன என்றால், அந்த ஒலி அரண்மனையில் பிறந்ததாக இருக்க முடியாது. துறையில் தொழில் செய்தவர்களிடமிருந்துதான் இரண்டு அரசுகளுக்கும் போயிருக்கிறது.

‘ஊர்காவற்றுறை’ இலக்கணச் சுத்தமான சொல். ஊர், காவல், துறை மூன்றும் சேர, லகரமும் தகரமும் புணர்ந்து ‘ற்று’ ஆகின்றன. ஊரைக் காத்த துறை என்று கேட்டவுடன் பொருளும் விளங்கும். எந்த வடிவம் முதலில் பிறந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பதிவில் முந்தி நிற்பது பேச்சு வடிவம்தான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் இதே இடம் ‘ஊராத்தொட்ட’. தொட்ட என்றால் துறை. ‘ஊரா’ சிங்களத்தில் பன்றியைக் குறிக்கும். பாளி நூல்களில் வரும் ‘சூகரதித்த’, அதாவது பன்றித்துறை, இதே துறைதான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழர் காவலைக் கண்ட சொல்லில் சிங்களவரும் பாளி எழுதிய பிக்குகளும் பன்றியைக் கண்டார்கள். பொருள் ஆளுக்கொன்றாக மாறியபோதும் ஒலி எண்ணூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. ஒரு பெயரில் எதை நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்றைய பலகைகளிலோ இரண்டு எழுத்துமுறைகள் அருகருகே நிற்கின்றன, ‘ஊர்காவற்றுறை’ என்றும் ‘ஊர்காவற்துறை’ என்றும். இரண்டாவதில் வல்லின றகர மெய்யை அடுத்து தகரம் வருகிறது. தமிழில் அந்த மெய்மயக்கம் கிடையாது. எந்தத் தமிழர் நாவும் அதை அப்படியே ஒலித்ததில்லை. கண்ணுக்கு ‘துறை’ தெரிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட எழுத்து அது. பேச்சைத் தேய்வு என்று குறைசொல்கிறவர்கள், வாயால் சொல்லவே முடியாத எழுத்தை அலுவலகப் பலகையில் ஏற்றிவிட்டு அதைத் திருத்தம் என்கிறார்கள்.

ஆனை ஏறிய துறையும் ஒல்லாந்து நகரங்களும்

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்கு வந்து இந்தத் துறையில்தான் கப்பலேறின. துறைமேடைக்குப் போர்த்துக்கேயச் சொல் ‘கைஸ்’. லிஸ்பனில் ‘கைஷ்’ என்பார்கள். ஆனைத் துறைமேடை என்ற நீண்ட பெயர் சுருங்கிச் சுருங்கி வெறும் துறைமேடையாக மிஞ்சியது. மூலச் சொல்லில் ‘ட்’ என்ற ஒலியே இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதி எழுதி அதைச் சேர்த்துவிட்டார்கள். இன்று ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னால் காற்றாடியைக் குறிக்கும் ‘கைட்’டின் பன்மை போலக் கேட்கிறது. நயினாதீவுக் கல்லிலும் ஆனை, போர்த்துக்கேயர் வைத்த பெயரிலும் ஆனை. இடையில் நாலு நூற்றாண்டு போயும் துறையின் தொழில் மாறவில்லை.

1658இல் வந்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு (இன்றைய காரைநகர்) அம்ஸ்ரடாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றில் நாலு, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கிளைச் சபைகள் இயங்கிய நகரங்கள். பங்குதாரர் பட்டியலைக் கடலில் விரித்துவைத்ததைப் போன்ற வேலை இது. தீவில் குடியிருந்தவர்கள் யாரும் தங்கள் ஊரை மிடில்பேர்க் என்று சொன்னதாகத் தெரியவில்லை. நூற்று முப்பத்தேழு ஆண்டுகளில் ஒல்லாந்தர் போனார்கள், பெயர்களும் போயின. ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட டெல்ஃப்ற் மட்டும் நின்றது. ‘லைடன்’ சில வரைபடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. போர்த்துக்கேயர் பசுக்களின் தீவு என்றார்கள், ஒல்லாந்தர் டெல்ஃப்ற் என்றார்கள், நெடுந்தீவார் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு நெடுந்தீவு என்றே சொல்லிவந்தார்கள். பிரதேச செயலகத்தின் பெயர் இன்றும் தமிழில் நெடுந்தீவு, ஆங்கிலத்தில் டெல்ஃப்ற். ஒன்றைக் கேட்டு மற்றதை ஊகிக்க யாராலும் முடியாது.

பெட்டிச் செய்தி: ரொறன்ரோவை எப்படி வாசிப்பது?
கனடாவின் பெருநகரை யாழ்ப்பாணத்தார் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். தமிழகத்து வாசகர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துத் திகைப்பார். ஈழ வழக்கில் இதற்கு ஒழுங்கு உண்டு. ஆங்கில ‘ரி’ எழுத்தின் ஒலி, நா மடங்கி எழும் டகரம் அல்ல. நுனிநா அண்ணத்தில் ஒற்றி எழுவது. தொல்காப்பியம் றகரத்துக்கும் னகரத்துக்கும் சொல்லும் பிறப்பிடம் அதுதான். யாழ்ப்பாணப் பேச்சில் ‘ற்ற’ இன்றும் அந்தப் பழைய ஒலியோடு, ரகரம் கலவாமல், ‘காற்று’, ‘வேற்று’ என்று வரும். அதனால் சொல்லின் முதலில் ர, இறுதியில் ற்: ரெலிபோன், மார்க்கற், ரிக்கற். தமிழகத்தில் இவை டெலிபோன், மார்க்கெட், டிக்கெட்.

ஆங்கில எழுத்து செய்த வேலை

இந்தப் பெட்டியில் சொன்ன ஒழுங்கின் மறுபக்கம்தான் ஆங்கிலப் பலகைகளில் தெரிகிறது. ஆங்கில ‘ரி’யை றகர ஒலிக்கு ஒதுக்கிவிட்டதால் டகரத்துக்கு ‘டி’ மிஞ்சியது. ஆகவே ‘ட்ட’ வரும் இடத்தில் யாழ்ப்பாணத்தார் ‘டி’யை இரட்டித்து எழுதினார்கள். பட்டுக்கோட்டைக்குத் தமிழகத்தில் ‘ரி’ இரட்டிக்கும். வட்டுக்கோட்டைக்கு இங்கே ‘டி’ இரட்டிக்கும். தீவகத்தில் அல்லைப்பிட்டியும் சாட்டியும் அதே கணக்கு. உள்ளே இருப்பவருக்கு இது நேர்த்தியான முறை, வெளியார் நாவுக்கோ பொறி. சாட்டிக் கடற்கரைக்கு வரும் பயணி பலகையைப் பார்த்து ‘சடி’ என்கிறார், அல்லைப்பிட்டி ‘அலைபிடி’ ஆகிறது.

‘தீவு’ என்ற சொல் பட்ட பாடு இன்னும் மோசம். ஆங்கிலேய அலுவலர்கள் தகரத்துக்கும் ‘ரி’யையே போட்டார்கள், நெடிலைக் குறிலாக்கினார்கள். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, புங்குடுதீவு எல்லாமே ஆங்கிலத்தில் ‘ரிவு’ என முடிகின்றன. இந்த எழுத்தை வைத்துக்கொண்டு லண்டனில் பிறந்த பிள்ளை ‘நைனட்டிவு’ என்று சொன்னால் பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ழகரம், ளகரம், லகரம் மூன்றுக்கும் ஒரே எழுத்து. எழுவையா எளுவையா என்று ஆங்கிலத்தைப் பார்த்து அறிய வழியே இல்லை. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவானையே ‘குறிகாட்டுவான்’ என்றும் தமிழில் எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக எழுதுகிறார்கள். நயினாதீவே சிங்களத்தில் ‘நாகதீப’. ஒரே படகில் ஏறுகிற யாத்திரிகர்கள் மொழிக்கு ஒன்றாக வெவ்வேறு ஊருக்குச் சீட்டு எடுக்கிறார்கள்.

இவற்றில் ஒரு வகையை மற்றதோடு போட்டுக் குழப்பக் கூடாது. வேலணையில் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் வீதி பிரிகிற சந்தி வங்களாவடி. பங்களா என்ற வெளிச்சொல் ஊராரின் வாயில் ‘வங்களா’ ஆகி, அதன் அடியில் ஒரு சந்தியாகி, எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுத்திலும் ஏறியிருக்கிறது. அந்நியச் சொல் வந்ததில் கேடில்லை. ஊரார் தம் நாவுக்கு ஏற்பப் பிடித்துக்கொண்ட சொல் ஊர்ச்சொல்தான். ஊரார் ஒருபோதும் சொல்லாத ஒலியைப் பலகை சொல்லும்போதுதான் சிக்கல்.

பேசுவோர் போன பின்

ஊரில் சனம் நிறைந்திருக்கும் வரை இந்த இடைவெளி பெரிய தீங்கு செய்யாது. பலகை எதைச் சொன்னாலும் கண்டக்டரும் கடைக்காரரும் ஆசிரியரும் சரியான ஒலியைத் தினமும் காதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். தீவகத்தில் அந்தக் காப்பு அறுந்துவிட்டது. 1990, 1991 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவுகளிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். பலர் குடாநாட்டுக்கும் கொழும்புக்கும், பின்னர் பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, கனடா, இங்கிலாந்துக்கும் போனார்கள். புங்குடுதீவிலும் வேலணையிலும் பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் இன்றும் அதைச் சொல்கின்றன. ஒலியைச் சுமந்த சனம் போய்விட்டது, எழுத்து மட்டும் பலகையிலும் பத்திரத்திலும் தங்கிவிட்டது. அடுத்த தலைமுறை ஊர்ப்பெயரைக் காதால் கற்கவில்லை, கண்ணால் கற்கிறது. அந்தக் கண்ணுக்குக் கிடைப்பதோ ஆங்கில எழுத்து.

இதன் விளைவு வெறும் உச்சரிப்புச் சங்கதியாக நின்றுவிடுவதில்லை. ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஊர்காவற்றுறை என்றிருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் கைட்ஸ் என்று பெயர்ப்பார், இன்னொருவர் எழுத்துக்கு எழுத்து ‘ஊர்காவத்துறை’ என்று பெயர்ப்பார். தகப்பனின் காணி உறுதியில் ஊர்காவற்றுறை இருக்கும் தீவு வேலணை என்று வரலாம். அதே தீவைப் பழைய வரைபடம் லைடன் என்னும். பாரிஸிலோ சூரிச்சிலோ மேசைக்குப் பின்னால் இருக்கும் அலுவலருக்கு இவை ஒரே தீவு என்று அறிய எந்த வழியும் இல்லை. பெயர் பொருந்தவில்லை என்றால் சந்தேகம் பெயரில் விழுவதில்லை, ஆளின் மேல் விழுகிறது. புகலிடம் கேட்பவருக்கும், பூட்டன் காணிக்கு உரிமை நாட்ட வருபவருக்கும் ஒரு எழுத்து வேறுபாடு எத்தனை மாத அலைச்சல் என்பது தீவகத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறிவுலகிலும் இழப்பு உண்டு. உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி திறந்த தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்தவர். ஆங்கிலத்தில் தேடும் மாணவருக்கு அவர் ‘கைட்ஸ்’காரர். நயினாதீவுச் சாசனத்தின் ஊராத்துறையும் அதே கரைதான் என்பதை எந்தப் பெயர்ப்பட்டியலும் அந்த மாணவருக்குக் காட்டித் தராது. ஒரே ஊரின் வரலாறு மூன்று பெயர்களின் கீழ் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது.

மறுப்புகளும் பதிலும்

கைட்ஸும் டெல்ஃப்ற்றும் உலகம் அறிந்த பெயர்கள், கடல் வரைபடத்திலும் சட்டத்திலும் ஏறியவை, அவற்றைக் கைவிட்டால் குழப்பம் கூடும் என்பது முதல் மறுப்பு. நியாயமான கவலைதான். ஆனால் நான் கேட்பது அழிப்பை அல்ல, வரிசை மாற்றத்தை. ஊரார் சொல்லும் பெயர் ரோமன் எழுத்தில் முதலில் வரட்டும், குடியேற்றக் காலப் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கட்டும். நியூசிலாந்தின் வங்கநூயி நகரில் இதே வழக்கு நடந்தது. மாவோரி ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கில ‘எச்’ எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்து, 2009இல் இரண்டு எழுத்துமுறையும் செல்லும் என்று அரசு முடிவுசெய்தது. அரச நிறுவனங்கள் மெல்ல மாவோரி வடிவத்துக்கு மாறின. ஊர்ப்பெயர்களை அங்கே வாழ்வோரின் வழக்கை ஒட்டித் தரப்படுத்துவதற்காக ஐக்கிய நாடுகள் சபை 1967இல் ஜெனீவாவில் தொடங்கிய மாநாடுகளும் இந்தத் திசையில்தான் போயிருக்கின்றன.

பெட்டிச் செய்தி: 1,018 ஊர்கள், ஒரு வாரம்
2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர், தூத்துக்குடி எல்லாம் புது எழுத்துக் கோவையோடு வந்தன. எழுத்துகள் நீண்டன, ஒரே ஒலிக்கு ஊருக்கு ஊர் வேறு எழுத்து வந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரமளவில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டின் தோல்வியை இரண்டாவது மறுப்பாகக் காட்டுவார்கள். தோற்றது நோக்கம் அல்ல, முறை. ஆயிரம் ஊருக்கு ஒரே நாளில் மேசையிலிருந்து எழுத்து வழங்கினார்கள். ஒலிபெயர்ப்புக்கு எல்லோரும் ஏற்ற விதி ஒன்று முன்கூட்டி இருக்கவில்லை. தீவகத்தில் பெயர் வேலை ஊராரிடமிருந்து தொடங்கி வென்ற முன்னுதாரணம் இருக்கிறது. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1920களில் வடக்குக் காரைதீவு காரைநகர் ஆனது. இன்று அந்த ஊரார் யாருக்கும் காரைநகர் அந்நியமாகப் படுவதில்லை. அவர்களாகவே ஏற்ற பெயர் அது.

மூன்றாவது மறுப்பு தமிழ்ப் பற்றாளர்களிடமிருந்து வரும். ‘ஊராத்துறை’ கொச்சை, இலக்கண வடிவத்தைக் கைவிட்டால் பொருள் போய்விடும் என்பார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்க மாட்டேன். ஊர்காவற்றுறை என்ற எழுத்து வடிவம் தமிழில் வேரூன்றிவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் எண்ணூறு ஆண்டுக்கு முன் அரசன் கல்லில் ஏற்றிய சொல்லைக் கொச்சை என்று மாணவரின் வாயில் அடிப்பது, இந்தக் கரையின் மிகப் பழைய தமிழ்ச் சான்றை நாமே அழிப்பதாகும். யாழ்ப்பாணம் பேச்சில் ‘யாப்பாணம்’. சிங்கள ‘யாப்பனய’வும் போர்த்துக்கேய வடிவமும் அவற்றின் வழி வந்த ‘ஜஃப்னா’வும் ழகரம் இல்லாத அந்தப் பேச்சொலிக்குத்தான் நெருங்கியவை. வந்தவர்கள் நம் ஏட்டை வாசித்து எழுதவில்லை, நம் சனம் பேசக் கேட்டு எழுதினார்கள்.

ஊராருக்குள்ளேயே ஒலி வேறுபடுகிறதே, யார் வாயை எடுப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்கு மேசையில் விடை இல்லை, போய்க் கேட்டுப் பதியத்தான் வேண்டும். அந்தப் பதிவில் அவசரமானவை பெரிய ஊர்ப்பெயர்கள் அல்ல, அவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். குறிச்சி, வளவு, வயல்வெளி, கேணி, கிணறு, கரைவலை இழுக்கும் பாடு, வள்ளம் கட்டும் துறை, கடலுக்குள் மீனவர் அடையாளம் வைத்திருக்கும் பார், ஓடை இவற்றின் பெயர்களில் பெரும்பாலானவை எந்த வரைபடத்திலும் இல்லை. தீவுகளில் தங்கிவிட்ட முதியவர்கள் அவற்றைச் சொல்லும் விதத்தை ஒலிப்பதிவு செய்து, பக்கத்தில் தமிழ் எழுத்தையும் ஒரே விதிப்படியான ரோமன் எழுத்தையும் சிங்கள எழுத்தையும் சேர்த்து, பழைய பெயர்களோடு இணைத்த ஒரு பெயரேடு வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் தூதரகமும் காணிப் பதிவகமும் அதைப் பார்த்து எழுதினால் பத்திரத்துக்குப் பத்திரம் ஊர் மாறாது. தீவகத்துக்கு நாலு பிரதேச செயலகங்கள் உண்டு. நெடுந்தீவில் நாலாயிரம் பேரளவில்தான் இருக்கிறார்கள். கிராம அலுவலர்களும் பாடசாலைகளும் கைகொடுத்தால் அங்கே ஒரு வருடத்துக்குள் முடிகிற வேலை இது. அங்கிருந்தே தொடங்கலாம்.